தோல்சூடும் உள்சூடும்

சாம்பியன் ரீப்ஸ்
16-1-1991

என் வீட்டுக்காரருக்கு ஜெனிட்டா எழுதுவது.

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மாட்டேன். நீங்கள் நலம்தான் என்று இன்று காலை குழாயடியிலேயே தெரிந்துகொண்டேன். கிளாரன்ஸ் அவர் அம்மாவுக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அந்த அம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டுப் படிக்கச் சொல்லி, லைன் வீடுகளில் இருக்கும் அத்தனை பேரும் கேட்கும்படி செய்தார். படித்து முடித்ததும் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, உன் ஊட்டுக்காரு லெட்டர் போடலியா?" என்றார். குடம் பாதிகூட நிறையவில்லை. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீங்கள் இருவரும் ஒரே நாளில், ஒரே ரயிலில்தான் பெங்களூருக்குப் போனீர்கள். தங்கச் சுரங்கத்தின் ஆழ லெவலில் வேலை செய்யும் அத்தனை பேரிலும் உங்கள் இருவரைத்தான் கம்பெனி பொறுக்கி அந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பியது. எட்டு வாரம் வெளியே விட மாட்டார்கள், வீட்டுச் சாப்பாடு கூடாது, பார்க்க யாரும் வரக் கூடாது என்றார்கள். எல்லாம் சரி. பேனா பிடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. ஒன்பது நாளாகிவிட்டது. பொங்கலும் போய்விட்டது.

அந்தக் கடிதத்திலிருந்து எனக்குத் தெரிந்தது: உங்களைச் சூடான அறையில் அடைத்து உடம்பெல்லாம் ஒயர் ஒட்டுகிறார்கள். அதை நடத்துவது நேத்ரா என்று ஒரு மேடம். வயது இருபத்தாறோ ஏழோ. ரொம்ப நல்ல மாதிரியாம். சிரித்துச் சிரித்துப் பேசுவாராம். இதை கிளாரன்ஸ் எழுதி, நான் ஊரார் நடுவில் நின்று கேட்க வேண்டியிருக்கிறது.

உங்களிடமிருந்து பதில் வரும் வரை நான் குழாயடிக்குப் போகப் போவதில்லை. ஸ்கூல் வேலை முடிந்து வரும்போது கான்வென்ட் கிணற்றில் தண்ணீர் கொண்டுவருகிறேன். கை வலிக்கிறது.

ஜெனிட்டா


பெங்களூர்
20-1-1991

அன்புள்ள ஜெனிட்டாவுக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்று தரம் படித்தேன். ஒரு பக்கக் கடிதத்தில் கிளாரன்ஸ் வீட்டுக் கதைதான் முக்கால்வாசி. மூன்று வருஷத்துக்கு முன்னால் கோயிலில் உனக்கும் அவனுக்கும் கல்யாணம் என்று முதல் ஓலை அறிவிப்பு வாசித்தபோது நான் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் ஓலை வாசிப்பதற்குள் உங்கள் இரண்டு வீட்டாரும் தேர்த் திருவிழாவில் சண்டை போட்டுக்கொண்டதால்தான் நீ எனக்குக் கிடைத்தாய். இதை நான் மறந்தாலும் நம் லைன் மறக்க விடாது. ஆகவே அவன் பேரை எழுதும்போது கொஞ்சம் பார்த்து எழுது.

கடிதம் போடாதது தப்புதான். இங்கே வேலை முடிந்தால் படுத்துவிடத்தான் தோன்றுகிறது. சூட்டு அறையில் நம் ஆழ லெவலில் இருக்கும் அதே சூடு, அதே புழுக்கம். ஒரு மரப்படி வைத்திருக்கிறார்கள். மணி அடிக்க அடிக்க அதில் ஏறி இறங்க வேண்டும், முக்கால் மணி நேரம். மார்பு, மேல்கை, தொடை, கெண்டைக்கால் என்று நாலு இடத்தில் ஒயர் ஒட்டுவார்கள். அது தோலின் சூட்டைக் காட்டும். உடம்புக்குள் இருக்கும் சூட்டுக்கு இன்னொரு ஒயர். அதை வாயில் வைத்துக்கொள்வோம்.

இந்த இரண்டு சூட்டையும் வைத்துக்கொண்டு, தோலுக்கு நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தம் ஓடுகிறது என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஊசி கிடையாது, கத்தி கிடையாது. எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அப்புறம் நம் சுரங்க ஷாப்டை நினைத்துப் பார்த்தேன், புரிந்துவிட்டது. கல் ஏற்றி வரும் ஸ்கிப் தொட்டி இருக்கிறதே, ரத்தம் அது மாதிரி. உள்ளே இருக்கும் சூட்டை ஏற்றி வந்து தோலில் கொட்டிவிட்டுத் திரும்பிப் போகிறது. உள்ளே முப்பத்தெட்டு டிகிரி, தோல் முப்பத்தைந்து என்றால் ஒரு நடைக்கு மூன்று டிகிரி இறங்கும். தோலும் முப்பத்தேழுக்கு ஏறிவிட்டால் நடைக்கு ஒரு டிகிரிதான் இறங்கும். அதே சூட்டை இறக்க மூன்று மடங்கு நடை போக வேண்டும். இழுக்கும் இன்ஜின் ஓடியே சாகும். இன்ஜின் என்பது நம் இதயம்.

கிளாரன்ஸுக்கு உள்ளுக்கும் வெளிக்கும் மூன்று டிகிரி வித்தியாசம். அவன் தோலுக்கு நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் சொச்சம் ரத்தம் போதும். எனக்கு ஒன்றேகால் டிகிரிதான். ஐந்து லிட்டருக்கு மேல் ஓடுகிறது. இரண்டு பேரும் ஒரே கேங், ஒரே தோண்டல், ஒரே சோறு. அவனுக்கு மட்டும் எப்படி?

மார்ச் நாலாம் தேதி புது கேங் கீழே இறங்குகிறது. அதற்கு மேஸ்திரி ஒருவன்தான். எங்கள் இருவரில் யார் உடம்பு சூட்டைத் தாங்குகிறதோ அவனுக்குத்தான் என்று கம்பெனியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஏழு வருஷமாக நான் அதற்குத்தான் காத்திருக்கிறேன். அவன் மேஸ்திரியாகி நான் அவன் கீழே வேலை செய்வதை விட மண்ணைத் தின்னலாம்.

சகாயம்


சாம்பியன் ரீப்ஸ்
24-1-1991

என் வீட்டுக்காரருக்கு,

வாயில் வைத்துக்கொள்கிறீர்களா? சந்தோஷம்.

வெண்டிலேஷன் டிபார்ட்மெண்ட் பாபு போன வாரம் ஆபீசரோடு அங்கே வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனாராமே. அவர் சம்சாரம் நேற்று என்னைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்ன என்று கேட்டேன். அந்த ஒயர் போகிற இடம் வாய் இல்லை என்றாள். எங்கே என்று என் காதோடு சொன்னாள். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். நாமிருப்பது சாம்பியன் ரீப்ஸ். பிளக்க வேண்டியதுகூட இல்லை, ஏற்கனவே தோண்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அதை வைக்கும்போது அந்த மேடம் எங்கே நிற்கிறார்?

இரண்டாவதும் உண்டு. மார்பில் முடியை மழித்துவிட்டுத்தான் ஒயர் ஒட்டுவார்கள் என்றாள். மழிப்பது யார்? ஒட்டுவது யார்? வேர்வையில் கழன்றுவிட்டால் அழுத்தி ஒட்டுவது யார்?

நீங்கள் பொய் எழுதியதால்தான் கேட்கிறேன். உண்மையை எழுதியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மறைத்தீர்கள் என்றால் மறைக்க ஏதோ இருக்கிறது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இந்த லைனில் ஒரு வாரத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

ஓலையை இழுக்காதீர்கள். அந்த மனுஷனை நான் நேரில் பார்த்துப் பேசியது இரண்டே தடவை, இரண்டு தடவையும் என் அப்பா பக்கத்தில் இருந்தார். ஓலையை வாசித்தது சாமியார், கேட்டது நீங்கள், பழி மட்டும் எனக்கா? நான் உங்களுக்குச் சோறு போட்டு, துணி துவைத்து, ஒவ்வொரு ஷிப்டுக்கும் நீங்கள் மேலே வரும் சங்கு ஊதும் வரை வாசலையே பார்த்துக்கொண்டு மூன்று வருஷம் வாழ்ந்திருக்கிறேன். என் மார்பில் யாரும் ஒயர் ஒட்டவில்லை.

பதில் எழுதும்போது நான் கேட்ட வரிசையிலேயே பதில் சொல்லவும்.

ஜெனிட்டா


பெங்களூர்
31-1-1991

அன்புள்ள ஜெனிட்டாவுக்கு,

வரிசையிலேயே சொல்கிறேன். அந்த ஒயரை நாங்களே திரைக்குப் பின்னால் போய் வைத்துக்கொள்வோம். மேடம் அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அடுத்த அறையில். மழிப்பது நானே. ஒட்டுவது சௌந்தரராஜன் என்ற அட்டெண்டர், ரிடையர் ஆக ஒரு வருஷம் இருக்கிறது. வாய் என்று எழுதியது வெட்கத்தில். உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. போதுமா?

இப்போது சந்தோஷமான சமாசாரம். இந்த வாரம் நான் கிளாரன்ஸைத் தாண்டிவிட்டேன். எனக்கு மூன்றேகால் டிகிரி, அவனுக்கு மூன்று. அவன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். மேடம் என் தாளைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். கையைப் பிடித்துக் குலுக்கி, "சகாயம், உங்க மாதிரி உடம்பு நான் நோடியே இல்லை" என்று, பார்த்ததே இல்லை என்பதைப் பாதி கன்னடமாகச் சொன்னார். அவர் கை ஐஸ் மாதிரி இருந்தது. படித்தவர்கள் கையெல்லாம் அப்படித்தான் இருக்கும் போல.

எப்படித் தாண்டினேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். பாபு நம் லெவலுக்கு வந்து சூடு பார்க்கும்போது இரண்டு தெர்மாமீட்டர் கொண்டுவருவார். ஒன்று வெறுமனே இருக்கும். இன்னொன்றின் முனையில் ஈரத் துணி சுற்றியிருக்கும். ஈரத் துணி சுற்றியது எப்போதும் நாலைந்து டிகிரி கம்மியாகக் காட்டும். அது ஏறினால் எங்களைச் சீக்கிரம் மேலே அனுப்புவார்கள். அதனால் அவர் திரும்பும் நேரம் பார்த்து அந்தத் துணியைப் பிழிந்து காயவைத்துவிடுவோம். நம் ஆட்களுக்கு இது புதுசா?

இங்கே அதையே திருப்பிப் போட்டேன். திரைக்குள் போகும்போது மார்பிலும் கையிலும் இருக்கும் பிளாஸ்திரியைக் கொஞ்சம் தூக்கி, ஒயர் முனையில் ஈரப் பஞ்சுத் துணி ஒரு விரல் அளவு செருகிவிடுகிறேன். வேர்த்துக் கொட்டும் உடம்பில் ஈரம் யார் கண்ணுக்குத் தெரியும்? தோல் சூடு குறைகிறது, வித்தியாசம் கூடுகிறது, ரத்தம் இரண்டு லிட்டருக்கு இறங்கிவிடுகிறது.

மேஸ்திரி வேலை கையில் வந்த மாதிரிதான். படித்ததும் இதை அடுப்பில் போடு.

சகாயம்


சாம்பியன் ரீப்ஸ்
5-2-1991

என் வீட்டுக்காரருக்கு,

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையை விட்டுவிட்டுக் காலை ரயிலில் பெங்களூருக்கு வந்தேன். உங்களுக்குப் பிடிக்கும் என்று மாட்டுக் கறி வறுவல் கொண்டுவந்தேன். கேட்டில் இருந்த வாட்ச்மேன் உள்ளே விட முடியாது என்றான். வேலிக் கம்பி வழியாகப் பார்த்துக்கொள் என்று இரக்கப்பட்டுச் சொன்னான். பார்த்தேன்.

மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். புது வெள்ளை பனியன். நான் வாங்கித் தந்தது இல்லை. அந்த மேடம் உங்கள் பக்கத்தில் ஒட்டினாற்போல் உட்கார்ந்து உங்கள் கையைப் பிடித்திருந்தார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நாடி பார்த்தார் என்று எழுதப் போகிறீர்கள். பார்த்திருக்கலாம். நாடி பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கும் தெரியும். நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே நின்றேன், இருநூறு வரை எண்ணினேன்.

என்னிடம் நீங்கள் அப்படிச் சிரித்து ஒரு வருஷம் ஆகிறது. ஷிப்ட் முடிந்து வந்தால் பேச்சு கிடையாது, தண்ணீர், சோறு, தூக்கம். உடம்பு முடியாமல்தான் என்று நினைத்திருந்தேன். சிரிப்பதற்கு உடம்பு முடிகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உங்களைக் கூப்பிடவில்லை. கறியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் மாலை ரயில் வரும் வரை உட்கார்ந்திருந்தேன்.

நேற்று ஒரு கடிதம் தபாலில் போட்டேன். உங்களுக்கு இல்லை.

ஜெனிட்டா


பெங்களூர்
14-2-1991

ஜெனிட்டாவுக்கு,

கன்னடத்தில் எழுதினால் யார் எழுதியது என்று தெரியாது என்று நினைத்தாயா? கையெழுத்துப் போடாவிட்டாலும் உன் எழுத்து எனக்குத் தெரியாதா? மேடம் அதை என் முன்னால் விரித்து வைத்தார். "நீங்கள் மெச்சிக்கொள்ளும் உடம்பு ஈரத் துணியால் செய்தது. பிளாஸ்திரியை உரித்துப் பார்த்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்." இதுதானே நீ எழுதியது? வேறு ஒரு வார்த்தை இல்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சுவரில் ஒட்டியிருந்த தாளைத் தானே கிழித்தார். தன் படிப்புக்கு அந்தத் தாள்தான் முக்கியமாக இருந்தது என்றார். பிறகு சௌந்தரராஜனைத் திரைக்குள்ளேயே என்னோடு நிற்க வைத்து, மறுபடி அறைக்குள் அனுப்பினார். பூனை எலியைப் பார்ப்பது மாதிரி அந்த மனுஷன் என் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்சூடு முப்பத்தெட்டு புள்ளி ஏழு. தோல்சூடு முப்பத்தேழு புள்ளி எட்டு. நடுவில் ஒரு டிகிரிகூட இல்லை. தோலுக்கு மட்டும் நிமிஷத்துக்கு ஏழு லிட்டர் ஓட வேண்டும் என்று கணக்கு வந்தது. இருபத்தேழாவது நிமிஷம் நெஞ்சு நூற்றெண்பது அடித்தது, நிறுத்திவிட்டார்கள். அடுத்த நாள் வேறொரு டாக்டர் வந்து இசிஜி எடுத்தார். நடு நடுவே துடிப்பு தப்புகிறது என்றார். இன்னும் ஒரு வருஷம் அந்த ஆழத்தில் வேலை செய்தால் கேஜில் பிணமாக ஏற்றித்தான் மேலே கொண்டுவர வேண்டியிருக்கும் என்று சொல்லி, கம்பெனிக்கும் எழுதிவிட்டார்.

இனிமேல் எனக்குக் கீழே வேலை கிடையாது. மேலே லாம்ப் ரூமில் போடுவார்களாம். தினமும் காலையில் மேஸ்திரி கிளாரன்ஸ் வந்து கையை நீட்டுவான், நான் விளக்கை எடுத்துக் கொடுக்க வேண்டும். நீ விரும்பியது இதுதானே? நான் தோற்றால் ஜெயிப்பது அவன்தான் என்று உனக்குத் தெரியாதா? யாருக்காக எழுதினாய் என்று சின்னப் பிள்ளைக்கும் புரியும். முதல் ஓலைதான் உன் மனசில் நிற்கிறது.

இன்னும் பரிசோதனை இருக்கிறது என்று இங்கேயே வைத்திருக்கிறார்கள். நல்லதாகப் போயிற்று. வீட்டுக்கு வர எனக்கு மனசு இல்லை.

சகாயம்


சாம்பியன் ரீப்ஸ்
17-2-1991

என்னங்க,

சாம்பல் புதன் முடிந்த அடுத்த நாளே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நடந்தது எல்லாம் சொன்னேன். உங்கள் நெஞ்சு விஷயம் ஆபீஸ் வழியாக அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. சாமியார், "புருஷன் உயிரைக் காப்பாத்தியிருக்கே, இது எப்படிம்மா பாவம்?" என்றார். கடிதம் நான் போட்டது என்று எப்படியோ தெரிந்துகொண்டு லைனிலும் அதைத்தான் சொல்கிறார்கள். பாபு சம்சாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், உன்னை மாதிரி பொண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்கிறாள்.

உங்களிடமும் அதையே சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உங்கள் உயிருக்குப் பயந்துதான் எழுதினேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். அது பொய். அந்தக் கடிதத்தை எழுதும்போது உங்கள் நெஞ்சு, ரத்தம், உயிர் எதுவுமே எனக்கு நினைவில் இல்லை. நீங்கள் எழுதிய ஸ்கிப் கதையை நான் படித்தேன், ஆனால் அதில் ஓடுவது உங்கள் இதயம் என்று அப்போது உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது ஐஸ் மாதிரி இருந்த அந்தக் கைதான்.

அந்தப் பொம்பளை உங்களைப் பார்த்து இனி சிரிக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. உங்களை மெச்சிய வாய் உங்களைக் காறித் துப்ப வேண்டும் என்று நினைத்தேன். மேஸ்திரி வேலை போகும் என்று தெரியும், போகட்டும் என்றுதான் இருந்தது. கிளாரன்ஸ் என்ற ஒரு ஆள் அந்த இடத்தில் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மறந்தே போயிருந்தது. உங்கள் கடிதம் வந்த பிறகுதான், அட, கிளாரன்ஸ் ஜெயித்துவிடுவாரே என்று தோன்றியது.

இவ்வளவு கேவலமான காரணத்தை யாராவது இட்டுக்கட்டிச் சொல்வார்களா? யோசித்துப் பாருங்கள். நல்ல பேர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது, நான் அதை வேண்டாம் என்று விரட்டிவிட்டு இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

டாக்டர் சொன்ன ஒரு வருஷம் என்ற வார்த்தையைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைக்கு மேலே இப்போதுதான் பயம் வந்திருக்கிறது. லாம்ப் ரூமோ லெட்ரின் வேலையோ, நீங்கள் தரைக்கு மேலே இருந்தால் போதும்.

ஜெனிட்டா


பெங்களூர்
22-2-1991

ஜெனிட்டாவுக்கு,

உன் கடிதத்தை நம்புகிறேன். நல்லதாக ஏதாவது எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மேடம் அன்றைக்கு நாடிதான் பார்த்தார். நான் சிரித்தது, நம் லைனில் சங்கு ஊதினால் பெண்கள் எல்லாம் வாசலுக்கு ஓடி வருவதைச் சொல்லி. அந்தப் பனியன் இங்கே எல்லாருக்கும் கொடுப்பது. இதை எழுதாமல் விட்டால் நீ இன்னும் பத்து வருஷம் அதையே பேசுவாய்.

இப்போது வேறொன்று. உன் கடிதம் வந்ததிலிருந்து மூன்று நாளாக அதை எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். ஈரத் துணி என் சொந்த யோசனை என்று உனக்கு எழுதினேன். அது பொய். மூன்றாம் வாரம் கிளாரன்ஸ் திரையை விட்டு வெளியே வந்ததும் நான் உள்ளே போனேன். குப்பைக் கூடையில் ஈரப் பஞ்சுத் துணி, விரல் அளவில் இரண்டு துண்டு கிடந்தது. அதன் பிறகுதான் நானும் ஆரம்பித்தேன். அவனுக்கு முதல் நாளிலிருந்தே மூன்று டிகிரி எப்படி வந்தது என்று அப்போது புரிந்தது. நான் பிடிபட்ட அன்று, தப்பு நான் ஒருவன் பண்ணியது என்று நினைத்து மேடம் அவனைச் சந்தேகப்படவே இல்லை. அவனையும் யாரும் திரைக்குள் போய்ப் பார்க்கவில்லை. அவனும் வாயைத் திறக்கவில்லை.

அவன் உண்மையான சூடு எவ்வளவு என்று கடவுளுக்குத்தான் தெரியும். என்னைப் போல வித்தியாசம் புள்ளி ஒன்பதாக இருக்கலாம். மார்ச் நாலாம் தேதி அவன் புது கேங்கோடு இறங்குகிறான், நாங்கள் இதுவரை வேலை செய்த இடத்துக்கும் கீழே.

சொன்னால் பொறாமையில் சொல்கிறான் என்பார்கள். தான் கெட்டது போதாதென்று கூட இருந்தவனையும் இழுத்துவிட்டான் என்று சாகும் வரை சொல்வார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்று இப்போதே சிரிக்கிறார்கள். சொல்லாவிட்டால், அவன் கீழே விழும் நாள் வரை நான் தினமும் அவன் கையில் விளக்கைக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

இதற்கு நீ பதில் எழுதாதே. அவனைக் காப்பாற்று என்று நீ எழுதினால் என்னால் தாங்க முடியாது. விட்டுவிடு என்று எழுதினால் உன் முகத்தைப் பார்க்க முடியாது.

சகாயம்


சாம்பியன் ரீப்ஸ்
25-2-1991

என்னங்க,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். என்னைக் கேட்காமல் இருக்க வேண்டுமானால் எனக்குச் சொல்லியே இருக்கக் கூடாது.

போய்ச் சொல்லுங்கள்.

பொறாமையில் சொன்னான் என்பார்கள். ஆமாம் என்று சொல்லுங்கள். பொறாமைதானே? இல்லையா? நானும் பொறாமையில்தான் சொன்னேன், அதற்காக உங்கள் நெஞ்சு தப்பாமல் அடித்துவிட்டதா? யார் மனசில் என்ன இருந்தாலும் தெர்மாமீட்டர் உள்ளதைத்தான் காட்டப் போகிறது.

கிளாரன்ஸ் அம்மாவைக் குழாயடியில் தினமும் பார்க்கிறேன். நான் மறுபடி அங்கேதான் போகிறேன். மேஸ்திரி அம்மா என்று இப்போதே கூப்பிடச் சொல்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதையும் ஒளிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் சம்பாதிக்கிற ஆம்பளை அவர் ஒருவர்தான்.

நீங்கள் பயப்படுகிற வார்த்தையை நானே எழுதிவிடுகிறேன். அவர் செத்துப்போனால் நான் அழுவேன். என் பேரோடு ஒரு தடவை கோயிலில் வாசித்த பேர் அது, கல் மனசு இல்லை எனக்கு. நான் வாசலில் உட்கார்ந்து அழுவதை உங்களால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. லாம்ப் ரூமில் ஒவ்வொரு விளக்கையும் உடைப்பீர்கள். அதற்காகவாவது போய்ச் சொல்லுங்கள்.

ஜெனிட்டா


பெங்களூர்
28-2-1991

அன்புள்ள ஜெனிட்டாவுக்கு,

செவ்வாய்க்கிழமை இரவு முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். காலையில் போய்ச் சொல்லிவிட்டேன்.

மேடம் முதலில் என் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நீ பயந்த சிரிப்புக்கெல்லாம் இனி வேலையே இல்லை. இப்போது மட்டும் ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டார். நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே, பொறாமையில்தான் சொல்கிறேன், ஆனாலும் பாருங்கள் என்றேன். பிறகு சௌந்தரராஜனைக் கூப்பிட்டார்.

கிளாரன்ஸுக்கு நேற்று ஒயர் வைத்துப் பார்த்தார்கள். நான் வராந்தாவில் நின்றிருந்தேன். முப்பத்தொன்றாவது நிமிஷம் கதவைத் திறந்து அவனைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். கால் நிற்கவில்லை. உதடு வெளுத்திருந்தது. என்னை விட மோசம், ஜெனிட்டா. எட்டு லிட்டர் என்று கணக்கு வருகிறது. மனுஷ உடம்பில் தோலுக்கு மட்டும் எட்டு லிட்டர் ஓடுவதென்றால் மற்றதற்கு என்ன மிச்சம் இருக்கும் என்று மேடமே தலையைப் பிடித்துக்கொண்டார். புது கேங்கை இப்போதைக்கு இறக்க வேண்டாம் என்று கம்பெனிக்குத் தந்தி போயிருக்கிறது. இந்தக் கூத்தில் மேஸ்திரி வேலை யாருக்கும் இல்லை.

சாயந்திரம் அவன் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஈரத் துணியை நெற்றியில் போட்டிருந்தார்கள். அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கத் தெம்பு இல்லையோ என்னமோ, சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இன்னாடா, உனக்கா தோணிச்சா, யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டான்.

எனக்கேதான் தோன்றியது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அவனுக்கு உயிர் கொடுத்த பேர் எனக்குக் கிடைத்திருக்கும், உன் பேர் அவன் காதில் விழாமலே போயிருக்கும். ஒரு நிமிஷம் ஆயிற்று. ஏழு வருஷம் ஆழத்தில் வேலை செய்திருக்கிறேன், அந்த ஒரு நிமிஷம் மாதிரி எனக்கு மூச்சு முட்டியதில்லை.

"ஜெனிட்டா சொன்னா" என்றேன்.

அவன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் எழுந்திருக்கப் போனபோது, உன்னிடம் சொல்லச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னான்.

சனிக்கிழமை சாயந்திர ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வா. அந்த வார்த்தை என்ன என்று மட்டும் கேட்காதே. நான் சொல்ல மாட்டேன். அதுவும் பொறாமைதான்.

உன்
சகாயம்